உருமா கட்டாத தலை

1

ஒரு ஆள் தன் தலைமுடியைத் தானே ஒட்ட வெட்டிக்கொண்டான் என்பது எழுதுகிற அளவுக்குப் பெரிய சங்கதி இல்லை. போடியில் இதைப் படிப்பவர்கள், "இவனுக்கு வேற சோலி இல்ல போல" என்று பக்கத்தைப் புரட்டக்கூடும். புரட்டட்டும். ஜெர்மனியின் வடக்கே ஒரு சின்ன நகரத்துக்கு நான் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஊரை நினைத்து முழு மனதோடு நான் செய்த காரியம் இது ஒன்றுதான். அதுவும் சரியாக வரவில்லை.

போன மாதம் என் அப்பா இறந்துபோனார். செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் தேனிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. தம்பி பாண்டி காரில் இருந்தபடியே எனக்குப் போன் செய்தான். "அண்ணே, அப்பா..." என்றான். அதற்குமேல் கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம்தான் கேட்டது.

எங்கள் பக்கத்தில் அம்மாவுக்கு இளைய மகனும் அப்பாவுக்கு மூத்த மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். கொள்ளி வைத்தவன் மொட்டை போடுவான். பதினாறாம் நாள் கருமாதியில், பெண் கொடுத்த வீட்டார் புதுத்துணி கொண்டுவந்து அந்த மொட்டைத் தலையில் தலைப்பாகையாகக் கட்டுவார்கள். அதற்கு உருமா என்று பெயர். உருமா கட்டிவிட்டால் துக்கம் முடிந்தது, அவன் எழுந்து தன் சோலியைப் பார்க்கலாம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். பாண்டி மொட்டை போட்டான். "மூத்தவனும் போட்டுக்கலாம், தப்பில்ல" என்று நாலு பேர் சொன்னார்கள். நான் போடவில்லை. காரணம் கேட்டவர்களிடம், வேலை செய்யும் இடத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று சொன்னேன். அது பொய். எனக்கு என் முடி பிடிக்கும், அவ்வளவுதான். ஐம்பது வயதிலும் காதை மூடுகிற அடர்த்தியான முடி எத்தனை பேருக்கு இருக்கிறது? அதற்கு மாதம் ஒருமுறை சாயமும் அடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கொட்டகுடி ஆற்றங்கரையில் ஈர வேட்டியோடு நின்ற அப்பா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் சோலி முடியும்போதாச்சும் இந்தக் காட்ட வெட்டுவியாடா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "வெட்டுறேன்ப்பா" என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

2

என் வசிப்பு அட்டை ஏப்ரலில் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க விண்ணப்பம் கொடுத்தாயிற்று, பதில் வரவில்லை. இந்த இடைவெளியில் நாட்டைவிட்டு வெளியே போனால், அலுவலகம் தருகிற ஒரு தாள் கையில் இல்லாமல் திரும்பி உள்ளே வர முடியாது. ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். "பத்தொம்பது வருசமா இருக்கியே, உன்னைத் தெரியாதா அவனுகளுக்கு?" என்று கேட்பார்கள். தெரியாது. எனக்கே அது முதல் வருடம் புரியாமல் இருந்தது. பிறகு புரிந்தது, பழகியும் விட்டது.

அப்பா இறந்த அன்றே அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி உண்மையிலேயே வருத்தப்பட்டாள். அவசரமாகத் தாள் தர வேண்டுமானால் இறப்புச் சான்றிதழ் வேண்டும், அது ஜெர்மன் மொழியில், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு வேண்டும் என்றாள். பிணம் வீட்டில் கிடக்கும்போது சான்றிதழுக்கு எவன் அலைவான்? பாண்டி மறுநாள் பகல் வரை பார்த்தான். ஜூன் மாதம், ஐஸ் பெட்டி வைத்தும் தாங்காது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். என் இடத்தில் அவன் கொள்ளி வைத்தான்.

சான்றிதழும் முத்திரையும் சேர்ந்து வந்ததும் ஓடினேன். அந்தப் பெண்மணி தாளைப் படித்துவிட்டு, அடக்கம் என்றைக்கு என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். "அப்படியானால் இப்போது அவசரம் இல்லை அல்லவா?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவள் கணக்கு அவளுக்குச் சரி. பதினாறாம் நாள் காரியத்தைப் பற்றிச் சொல்லப் பார்த்தேன். பதற்றத்தில் விருந்து என்ற சொல்தான் வாயில் வந்தது. அவள் லேசாகப் புன்னகைத்து, அடுத்த மாதம் ஒரு தேதி எழுதிக் கொடுத்தாள்.

ஊரில் எல்லோரிடமும் அலுவலகம் விடவில்லை என்றுதான் சொன்னேன். இங்கே எழுதும்போதாவது நேராகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் என் மேசையில்தான் இருந்தது. விமானம் ஏறுவதை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். திரும்பி வருவதற்கு மாதக்கணக்கில் ஆகியிருக்கும், கிடங்கு வேலை போயிருக்கும், மகளின் பரீட்சை நேரத்தில் வீடு ஆட்டம் கண்டிருக்கும். இதையெல்லாம் எடைபோட்டு, போக வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான்தான்.

3

மீதி இருந்தது மொட்டை ஒன்றுதான். கொள்ளிக்கு வராத மகன் கருமாதிக்காவது முடி இறக்க வேண்டும். பாண்டி போனில் அதை நேராகக் கேட்கவில்லை. "கருப்பையாண்ணே கேட்டாரு, நீ அங்கயே எடுத்துக்குவியான்னு" என்றான். கருப்பையா அண்ணன் போடியில் சலூன் வைத்திருப்பவர், எங்கள் தெருக் காரியங்களுக்கெல்லாம் அவர்தான் வருவார். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்தக் கடை எங்களுக்குப் பழக்கம். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்னையும் பாண்டியையும் அங்கே உட்கார வைத்து, "நல்லா ஒட்ட வெட்டு, ரெண்டு மாசத்துக்கு இவனுக இந்தப் பக்கம் வரக்கூடாது" என்பார் அப்பா. சம்பாதிக்க ஆரம்பித்ததும் எவனும் என் தலையை ஒட்ட வெட்டக்கூடாது என்று அந்த நாற்காலியில்தான் நான் சபதம் எடுத்தது.

நான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், எங்கே போய் எடுப்பது? ஒரு வாரம் முன்னதாக நேரம் வாங்கிக்கொண்டு போனால், இங்கே ஒரு பெண் தலையைக் கழுவி, காபி வேண்டுமா என்று கேட்டு, வானிலை பேசிக்கொண்டே வெட்டுவாள். அப்பாவுக்குப் போடுகிற மொட்டையை அப்படிப் போட மனம் வரவில்லை. வீட்டில் தாடி எடுக்க வாங்கிய மெஷின் ஒன்று இருந்தது. சலூன்களெல்லாம் மூடிக் கிடந்த கொரோனா காலத்தில்கூட அதைத் தலையில் வைத்ததில்லை.

மெஷினோடு நாலு பிளாஸ்டிக் சீப்புகள் வந்திருந்தன. பன்னிரண்டு, ஒன்பது, ஆறு, மூன்று என்று மில்லிமீட்டர் கணக்கு போட்டிருந்தது. அவற்றை வரிசையாக மேசைமேல் வைத்தபோது அப்பாவின் சல்லடைகள் நினைவுக்கு வந்தன. அவர் முப்பது வருடம் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரித்தவர். மலையிலிருந்து மூட்டையாக இறங்கும் காயைச் சல்லடையில் போட்டு எட்டு மில்லி, ஏழு மில்லி, ஆறு மில்லி என்று பிரிப்பார்கள். அப்பா சல்லடை இல்லாமலே ஒரு காயை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிச் சொல்லிவிடுவார். "இது ஏழரை. எட்டுன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதே."

என் மனைவி சாந்தி மூன்று மில்லிக்குச் சம்மதித்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள், எதையும் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். "ஆபீசுல குடுத்த போட்டோவுல முடி இருக்கு. நீங்க மொட்டையா போய் நின்னா, ஆளு வேறன்னு ஃபைலைத் தூக்கி ஓரமா வச்சுட்டா என்ன செய்வீக?" என்று கேட்டாள். சிரிக்க வேண்டிய பேச்சுதான், ஆனால் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் வேலை இடைவேளையில் அலுவலகத்துக்குப் போன் செய்து, நான் முடி வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஐயா, உங்கள் முடி உங்கள் சொந்த விஷயம்" என்று பதில் வந்தது. போடியில் ஒருவன் மொட்டை போட அனுமதி கேட்டு அரசாங்கத்துக்குப் போன் செய்தான் என்றால் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். பாண்டியிடம் இதை நான் சொல்லவே இல்லை.

4

இங்கே ஊரைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். ஆற்றங்கரையில் பத்தரைக்குக் காரியம் என்றால் எனக்குக் காலை ஏழு. சாந்தி ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது குளியலறைத் தரையில் குப்பைப் பையைக் கிழித்து விரித்துவைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆறு மணிக்குப் பாண்டி வீடியோவில் வந்தான். பின்னால் கொட்டகுடி ஆறு, அதற்குப் பின்னால் குரங்கணி மலை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. காற்று போனில் கொரகொரவென்று அடித்தது. பாண்டி போனைக் கருப்பையா அண்ணனிடம் கொடுத்தான்.

"எத்தன நம்பர் தம்பி வைக்கப் போறீக?"

"மூணு மில்லிண்ணே."

"அது மொட்டை இல்ல தம்பி, கட்டிங்கி. ஒரு மில்லி இருந்தாலும் முடி முடிதான். சீப்பக் கழட்டிப் போட்டுட்டு வெறும் மெஷின வைங்க. நெத்தியில இருந்து பின்னுக்கு இழுங்க."

சீப்பைக் கழற்றினேன். பாண்டி அந்தப் பக்கம் எதையோ எடுத்துவைக்கப் போனான். கருப்பையா அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"தம்பி, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. தன் தலையத் தானே எடுக்கிறது வழக்கமில்ல. நான் இதே தொழில் பாக்கறவன். எங்கப்பன் செத்தன்னைக்கு என் தலைய நானா எடுத்துக்கிட்டேன்? சின்னமனூர்ல இருந்து ஒருத்தரக் கூட்டியாந்துதான் எடுத்தாக. இன்னொருத்தர் கை படணும். வீட்டுல யாராச்சும் இருந்தா ஒத்த இழுப்பாச்சும் இழுக்கச் சொல்லுங்க. எங்கயோ கெடக்குறீக, அது போதும்."

சரி என்றேன். போனைக் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டு மெஷினைப் போட்டேன். முதல் இழுப்பில் நெற்றி முடி மொத்தமாகக் கையில் வந்தது. நுனி கறுப்பு, அடி வெள்ளை. இத்தனை வெள்ளையை உள்ளே வைத்துக்கொண்டுதான் ஊர் முழுக்கப் பெருமையடித்திருக்கிறேன். பக்கவாட்டில் இழுத்தேன், காதோரம் கொஞ்சம் வெட்டுப்பட்டது. நாலைந்து இழுப்பில் முன்பக்கம் முடிந்துவிட்டது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மெஷின் சூடாகிவிட்டதே, நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கவலைதான் இருந்தது.

மகள் மதுவுக்குப் பதினாறு வயது. ஆறு நாற்பதுக்கு அவள் பள்ளிக்கூட பஸ். வாயில் பிரஷ்ஷோடு வந்தவள் என்னைப் பார்த்துக் கதவருகிலேயே நின்றுவிட்டாள். தமிழ் அவளுக்குப் புரியும், ஆனால் பதில் பெரும்பாலும் ஜெர்மனில்தான் வரும். தாத்தாவை அவள் வாழ்நாளில் நாலு முறை பார்த்திருக்கிறாள்.

"மது, பின்னாடி ஒரே ஒரு தடவ இழுத்துவிடும்மா" என்று மெஷினை நீட்டினேன்.

"நானா?" என்றாள். "தாத்தாவுக்காகவா?"

"ஆமா."

காதில் இருந்த பாட்டு ஒயரைக் கழற்றிவிட்டு மெஷினை வாங்கினாள். உச்சியிலிருந்து கீழே மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இங்க ஒரு பெரிய தழும்பு இருக்குப்பா. இது என்ன?"

அவள் பிறந்ததிலிருந்து அந்த இடத்தை முடி மூடியிருந்தது. எனக்கே மறந்துபோயிருந்தது. ஏழு வயதில் கிட்டங்கியில் அப்பாவின் சல்லடைக்கு அடியில் நுழைந்து விளையாடியபோது அதன் தகர மூலை குத்திய தழும்பு. ரத்தத்தோடு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா போடி கடைவீதியில் செருப்பில்லாமல் ஓடினார். சொல்லத் தொடங்கினேன். "தாத்தா வேல பாத்த எடத்துல..." என்றேன். அதற்குள் தெருவில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. மெஷினை வாஷ்பேசின் ஓரத்தில் வைத்துவிட்டு, "சாயங்காலம் சொல்லுப்பா" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். சாயங்காலம் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பின்தலையின் மீதியை நானே தடவித் தடவி எடுத்தேன். சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்தால் மெஷின் பிடிக்கக் கை இல்லை, மெஷினைப் பிடித்தால் கண்ணாடிக்குக் கை இல்லை. தோராயமாக முடித்துத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டிச் சமையலறை மேசையில் போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மணி ஏழு.

5

ஆற்றங்கரைப் படியில் பாண்டியின் போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். பாண்டி பிண்டம் வைத்தான், எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அவன் தலையில் பதினாறு நாள் முடி லேசாகக் கறுத்திருந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து போனுக்குள் எட்டிப் பார்த்தார்கள். "அட, எடுத்துட்டானப்பா" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அதிகாலையிலிருந்து இத்தனை பாடு.

உருமா கட்டும் நேரம் வந்தது. பாண்டியின் மாமனார் வீட்டார் அவன் தலையில் கட்டினார்கள். அடுத்து, தேவாரத்திலிருந்து வந்த முருகேசன் மச்சான் தாம்பாளத்தோடு முன்னால் வந்தார். சாந்தியின் கூடப்பிறந்த அண்ணன், விவசாயி. முந்தாநாள் யானை இறங்கி வாழைத் தோட்டத்தை மிதித்துப் போட்டிருந்தது. அதைக்கூடப் பார்க்காமல் வந்திருந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் எனக்கு எடுத்த வெள்ளைத் துணி.

யார் தலையில் கட்டுவது என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

"எனக்கே சேத்துக் கட்டிருங்க" என்றான் பாண்டி.

"ஒத்த தலைக்கு ரெண்டு உருமாவா?" என்றது ஒரு வயதான குரல். "அப்ப மூத்தவனும் இல்லைன்னு ஆயிரும்ல."

"அப்ப துணிய அப்படியே வச்சுருங்க, வரும்போது கட்டிக்கட்டும்."

முருகேசன் மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்டாத துணிய வச்சுட்டுப் போறதுக்கா தேவாரத்துல இருந்து வந்தேன்? நாளைக்கு என் தங்கச்சி வீட்டுல எனக்கு என்ன மருவாதி? கட்டாமத் தாம்பாளத்தத் திருப்பிக் கொண்டுபோனா உறவு அத்துப்போச்சுன்னு அர்த்தம்."

கடைசியில் அந்த வயதான குரலே சொன்னது. "அதான் போனுக்குள்ள மொட்டையோட உக்காந்திருக்கான்ல. அதுக்கே கட்டுங்கப்பா, வெரசா. வெயில் ஏறுது."

யாரும் சிரிக்கவில்லை. முருகேசன் மச்சான் துணியை உதறி, நீளமாக மடித்து, போனுக்கு முன்னால் வந்து மண்டியிட்டார். அவர் முகம் திரை முழுக்கத் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது.

"குனிங்க மாப்ளே" என்றார்.

நான் என் சமையலறையில், மேசைமேல் இருந்த போனுக்கு முன்னால் தலையைக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஆறும் இல்லை, மலையும் இல்லை, திரை முழுக்க வெள்ளைத் துணி. நூல் இழைகூடத் தெரிந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று வெள்ளை கனத்துக்கொண்டே வந்து சாம்பல் நிறமானது. குலவைச் சத்தம் போர்வைக்குள் இருந்து கேட்பதுபோலக் கேட்டது.

பிறகு அங்கே எல்லோரும் கிளம்பினார்கள், துணி சுற்றிய போனையும் யாரோ எடுத்துக்கொண்டது தெரிந்தது. ஜீப்பு ஸ்டார்ட் ஆனது. "பந்திக்கு நேரமாச்சு, ஏறுங்க" என்று யாரோ சொன்னார்கள். "பாண்டி" என்று கூப்பிட்டேன். "பாண்டி, துணியக் கொஞ்சம் விலக்குடா." என் குரல் துணிக்குள்ளேயே நின்றுவிட்டது. இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிட்டிருக்கலாம், மணி அடித்தால் அவிழ்த்திருப்பார்கள். துண்டித்தால் கட்டிய கட்டை நானே அவிழ்த்ததுபோல் ஆகும் என்று தோன்றியது. அதனால் சாம்பல் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து, பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் குரல் கேட்டது. "மூத்தவருக்கும் உருமா கட்டியாச்சுல்ல?"

"எல்லாம் கட்டியாச்சு" என்றான் பாண்டி. "நீ எலையப் போடு."

அதோடு அவன் போனில் சார்ஜ் தீர்ந்து இணைப்பு போய்விட்டது. எனக்குக் கழுத்தில் அரித்தது. கை வைத்துப் பார்த்தேன். நான் பார்க்க முடியாத இடத்தில், பிடரியில், கொஞ்சம் முடி வெட்டுப்படாமல் நின்றது. அப்பா இரண்டு விரலில் பிடித்திருந்தால் எத்தனை மில்லி என்று சொல்லியிருப்பார்.